நாய்ச் சிரங்கும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவும்: ஒரு நாய்க்காரரின் மதிப்பீடு

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவுக்கு ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மணி லாப்ரடார் கலப்பு. பிறவியிலேயே அலர்ஜித் தோல். அரிப்பு கூடும்போதெல்லாம் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பும். அவை உடைந்ததும் நடுவில் தோல் கறுத்து, ஓரத்தில் வட்டமாகச் செதில் உரிந்து நிற்கும். பார்ப்பவர்கள் படர்தாமரை என்பார்கள், ஆனால் இது பாக்டீரியாத் தொற்று. பெரும்பாலான நாய்களுக்கு இது ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. அது நாயின் உடம்பிலேயே சும்மா குடியிருக்கும் ஆசாமிதான். தோல் பலவீனப்பட்டால் வாலாட்ட ஆரம்பிக்கும்.

முன்பெல்லாம் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைதான். ஆறும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். இந்த முறை டாக்டரம்மா புண்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கரும்புள்ளி வைத்த மாதிரி உருண்டை உருண்டையாகப் பாக்டீரியா, அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள். மேல்தோலோடு நிற்கிற தொற்று, மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ மட்டும் எழுதிக் கொடுத்தார்.

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. மாத்திரையை அடிக்கடி கொடுத்தால் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா வகை தலையெடுக்கும். அதற்குப் பிறகு பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பமே செல்லாக்காசுதான். பல சமயம் வேறு ஆன்டிபயாட்டிக்குகளும் அதனிடம் தோற்கும். தோல்மேல் நேரடியாகப் போடும் கிருமிநாசினி கதை வேறு. ரத்தத்தின் வழியாக மாத்திரை கொண்டுவந்து சேர்க்கும் அளவைவிடப் பல மடங்கு செறிவாக அது புண்ணிலேயே இறங்குவதால், அடங்காத வகையும் அதற்குப் பெரும்பாலும் அடங்கும். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேல்தோல் தொற்று உள்ள நாய்களில் ஒரு பகுதிக்கு 4 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் மற்றவற்றுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனிக் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்து நான்கு வாரம் பார்த்தார்கள். பலனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, ஷாம்பூவுக்கு வருவோம். நுரை குறைவு. வாசனை ஷாம்பூவுக்குப் பழகிய கை இன்னும் ஊற்று என்று சொல்லும், கேட்காதீர்கள். வெந்நீர் வேண்டாம், அரிப்பைக் கிளப்பிவிடும். சாதாரண சோப்பால் முதலில் குளிப்பாட்டினால் அதைச் சுத்தமாக அலசிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், ஏனென்றால் சோப்பு மிச்சமிருந்தால் குளோர்ஹெக்சிடின் செயலிழந்துவிடும். புண் அதிகமுள்ள இடத்தில் முதலில் தேய்த்துவிட்டு, நன்றாக இருக்கும் முதுகைக் கடைசியில் தேய்ப்பது என் வழக்கம். மோசமான இடத்தில் மருந்து கூடுதல் நேரம் ஊறும். கண்ணில் மட்டும் படவே கூடாது, கருவிழியைப் புண்ணாக்கும். முகத்துக்கு ஈரத்துணிதான்.

அப்புறம் ஷாம்பூவை அலசாமல் ஊறவிட வேண்டிய அந்தப் பத்து நிமிடம். “பத்து நிமிஷம்னா கடிகாரத்துல பத்து நிமிஷம், உங்க மனசுல இல்ல” என்றார் டாக்டரம்மா. நனைந்த நாயோடு நிற்கிறவருக்கு மூன்று நிமிடமே முக்கால் மணி நேரம் மாதிரி இருக்கும். மணி முதல் நிமிடத்தில் உதறுவான், இரண்டாவதில் காலை நக்கப் பார்ப்பான், அதன்பின் உலகத்தையே சபிக்கிற முகத்தோடு உட்கார்ந்துவிடுவான். நக்கவிடாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு, விரலால் வயிற்றில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். ஷாம்பூ பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, எத்தனை நிமிடம் வைத்திருந்தீர்கள் என்பதுதான். வாரத்தில் இரண்டு மூன்று முறை இந்தக் கூத்தை நடத்த முடியாதவர்கள் இதை வாங்கிப் பயனில்லை. புதுக் கொப்புளம் வருவது முதலில் நின்றது. பழைய செதில் உதிர்ந்து முடி முளைக்க அதைவிட நாளானது. நடுவில் தோல் கொஞ்சம் வறண்டது. ஈரப்பதம் தரும் ஸ்ப்ரே ஒன்றைச் சேர்த்ததும் சரியாயிற்று.

குளிப்பாட்டாத நாட்களுக்கு அதே மருந்து மூஸாக, அதாவது பிதுக்கினால் வரும் நுரையாகக் கிடைக்கிறது. தடவி விட்டுவிடலாம், அலச வேண்டியதில்லை. குட்டை முடிக்கு அருமை. அடர்ந்த முடி என்றால் பிரித்துப் பிரித்துத் தோல்வரை கொண்டுபோக வேண்டும். ‘உஸ்’ என்ற சத்தத்துக்கு மணி ஓடிவிடுவதால் அடுத்த அறையில் கையில் பிதுக்கிக்கொண்டு வருகிறேன். மருந்துத் துடைப்பான்கள் விரலிடுக்குக்கும் தாடை மடிப்புக்கும் சரி. முழு உடம்புக்கு என்றால் கட்டுபடியாகாது.

பென்சாயில் பெராக்சைடு ஷாம்பூவும் முன்பு பார்த்திருக்கிறேன். மயிர்க்கால்வரை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் தோலை உலர்த்திப்போடும். எங்கள் நீலத் துண்டில் இன்றும் அதன் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. நீர்த்த பிளீச் கரைசலை, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டை, மருத்துவர்களே சில நாய்களுக்குச் சொல்கிறார்கள். ஆனால் கடைப் புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும், வைத்திருந்தாலும் குறையும். அளவு தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் வீட்டில் கலக்குவது எனக்குச் சம்மதமில்லை. மருத்துவத் தேன் சின்னப் புண்ணுக்கு நல்லதுதான், ஆனால் மணியைப் பொறுத்தவரை அது தின்பண்டம். தேயிலை மர எண்ணெயை ‘இயற்கை’ என்று நம்பி அப்படியே பூசிவிடாதீர்கள். நாய்க்கு நஞ்சாகி, தள்ளாட்டமும் நடுக்கமும் வரும்.

கட்டி கட்டியாக வீங்கி, ரத்தமும் சீழும் வடிந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் தொற்று ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே ஷாம்பூ துணைக்குத்தான். சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று: இது கிருமியைக் கொல்லும், அரிப்பின் வேரைத் தொடாது. தெள்ளுப்பூச்சி, அலர்ஜி, தைராய்டு குறைவு என எது பின்னால் இருக்கிறதோ அதைப் பார்க்காவிட்டால் பாட்டில் மேல் பாட்டிலாக வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். மணிக்கு அரிப்பு மருந்து ஒழுங்கான பிறகுதான் குளியல் வாரம் ஒருமுறையாகக் குறைந்தது.

அரை மதிப்பெண்ணைக் குறைத்தது லேபிளுக்காக. முன்பக்கம் முழுக்கச் சிரிக்கும் நாயும் ‘மருந்து ஷாம்பூ’ என்ற பெரிய எழுத்தும். எத்தனை சதவீதம் என்பதோ பின்பக்கம், மூடிக்குக் கீழே, ஈரக்கையோடு படிக்கவே முடியாத பொடி எழுத்தில். 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் வாங்குவதில்லை. அதனால் கடையில் நின்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறேன்.