மயிலாப்பூரில் மூத்தோருக்கான ஒரு வீணை வகுப்பு

நினைவாற்றலைப் பேணுவதற்காக ஓய்வுக்காலத்தில் ஏதேனும் ஒரு வாத்தியம் கற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, மயிலாப்பூரில் ஓர் ஆசிரியை அறுபதைக் கடந்தவர்களுக்கெனத் தம் வீட்டிலேயே நடத்தும், நானும் பயின்றுவருகிற வீணை வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எல்லோருக்கும்போலவே இங்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் அடிப்படைச் சுரப் பயிற்சிதான் தொடக்கம். ஆனால் நோட்டைப் பார்த்து வாசிக்க அனுமதியில்லை. தாளம் போட்டுப் பாடி மனத்தில் படிந்த பிறகே வீணையைத் தொடலாம்; மெதுவான முதல் காலம் சீரான பிறகே, அதன் இருமடங்கு வேகமான இரண்டாம் காலம். இடக்கையின் இரு விரல்கள் தந்திகளுக்கு அடியில் சுர இடங்களைக் குறிக்கும் 24 மெட்டுகளிடையே சுரத்தைத் தேடிச் செல்ல, வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மீட்ட, அதே கையின் சுண்டுவிரல் தாளத் தந்திகள் மூன்றையும் ஆதி தாளத்துக்கு இசைய ஒலிக்கச் செய்ய வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கையில் கவனம் இம்மி பிசகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். மூளைக்கு இதைவிட நேர்மையான பயிற்சியை நான் அறியேன்.

2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் அடிக்கடி வாத்தியம் வாசித்தவர்களிடம் மறதிநோய் குறைவாகவே காணப்பட்டது. வாசித்ததனால் நோய் குறைந்ததா, நல்ல நினைவாற்றல் உள்ளவர்களே தொடர்ந்து வாசித்தார்களா என்பதை அத்தகைய ஆய்வு ஒன்றைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. இதைப் பற்றிக் கேட்டபோது, "நான் சங்கீதம்தான் சொல்லித்தருகிறேன், மறதிக்கு டாக்டரைப் பாருங்கள்" என்றார் ஆசிரியை. மூளைக்கு நல்லது என்று எதையெதையோ விற்கிற இக்காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மீது என் மதிப்பு கூடியது.

குறையும் உண்டு. ஒரே நேரத்தில் பலர் அமர்வதால், சுருதி சேர்ப்பதிலேயே வகுப்பின் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது. இருவர் மூவராகப் பிரித்து நடத்தினால் பயன் கூடும். தரையில் அமர முடியாதவர்களுக்கு, நாற்காலியில் அமர்ந்தபடி வாசிக்கத் தோதான மரத்தாங்கி வைத்திருக்கிறார்கள். தந்தி அழுத்தி விரல் நுனி தடித்துப்போவது இயல்புதான் என்றாலும், நீரிழிவினால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது.

சேர்ந்தவுடன் வீணை வாங்கிவிட வேண்டாம். வீட்டுப் பயிற்சிக்கு அவர்களே மாத வாடகைக்குத் தருகிறார்கள்.