பென்டியம் 3 கணினிக்கு எந்த விண்டோஸ்? 98 எஸ்இ, எம்இ, 2000, எக்ஸ்பி ஓர் ஒப்பீடு

500 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 256 எம்பி ரேம், 20 ஜிபி ஐடிஇ (பட்டையான கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், ஏஜிபி (கிராஃபிக்ஸுக்கென்றே இருந்த ஸ்லாட்) கிராஃபிக்ஸ் கார்டு. 1999-2001 காலத்துக் கணினியைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் உள்ளே இருக்கும். விண்டோஸ் 98 எஸ்இ (இரண்டாம் பதிப்பு), எம்இ (மில்லேனியம் எடிஷன்), 2000, எக்ஸ்பி நான்குமே இதில் ஏறும். ஏறுவது வேறு, உருப்படியாக ஓடுவது வேறு. பிராசசர் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கணினியை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், உள்ளே என்ன சவுண்ட் கார்டு இருக்கிறது என்று பாருங்கள்.

டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டச்சு செய்யும் இயங்குதளம்) விளையாட்டுகளும் 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய விண்டோஸ் விளையாட்டுகளும்தான் நோக்கம் என்றால் 98 எஸ்இ. ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) சவுண்ட் பிளாஸ்டர் கார்டு இருந்தால் மறுபேச்சே இல்லை, ஏனென்றால் விண்டோஸை விட்டு வெளியேறி நிஜ டாஸுக்கே போய்விடலாம். நிறுவும்போது சிடியிலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டாம். ஸ்டார்ட்-அப் ஃபிளாப்பியில் பூட் செய்து, டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கேட்கும் முதல் கேள்விக்கு 'ஒய்' கொடுத்து (அப்போதுதான் பெரிய டிஸ்குகளுக்கான ஃபேட்32 கோப்பு முறை கிடைக்கும்), ஃபார்மேட் முடித்தபின் சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை சி டிரைவில் நகலெடுத்து அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒவ்வொரு டிரைவர் போடும்போதும் சிடியைக் கேட்டு உயிரை வாங்கும்.

இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்கள்) உள்ள மதர்போர்டை 98 எஸ்இ தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். வியா சிப்செட் என்றால் முதலில் வியாவின் 4-இன்-1 டிரைவர், பிறகுதான் கிராஃபிக்ஸ், அதன்பின் சவுண்ட். இந்த வரிசை மாறினால் ஏஜிபி சரியாக இயங்காமல் முப்பரிமாண விளையாட்டுகள் உறைந்து நிற்கும்.

98இல் அதிகம் பேர் சிக்கிக்கொள்வது ரேமில். 512 எம்பிக்கு மேல் போட்டால் 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லும்! காரணம், டிஸ்க் கேஷ் (டிஸ்கில் படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் பகுதி) ரேமின் அளவைப் பார்த்துத் தன்னைப் பெருக்கிக்கொண்டு, மற்ற சிஸ்டம் வேலைகளுக்கான முகவரி இடத்தையும் விழுங்கிவிடுகிறது. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் மதிப்பை 262144 என்று வைத்தால் கேஷ் 256 எம்பியோடு நிற்கும். ஆனால் 98க்கு 256 எம்பி ரேமே தாராளம். ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிடுவது இன்னும் சுலபம்.

பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டினாலும் கவனம் வேண்டும். பழைய எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கில் 64ஐக் கழித்து மிச்சத்தைத்தான் காட்டும். மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க்கில் இந்தக் குறை இல்லை. 137 ஜிபி எல்லை அப்படியல்ல. 98இன் ஐடிஇ டிரைவர் 28 பிட் முகவரி மட்டுமே அறியும். அதைத் தாண்டி எழுதினால் கோப்புகள் சிதையும். 120 ஜிபிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பென் டிரைவுக்கும் 98 எஸ்இயில் தனி டிரைவர் தேவை.

எம்இ? பென் டிரைவைத் தானாக அறியும் என்பதைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. நிஜ டாஸுக்குப் போகும் வழியை மறைத்துவிட்டார்கள், சிஸ்டம் ரீஸ்டோர் டிஸ்கைத் தின்கிறது. தவிர்க்கலாம்.

2000தான் இந்த நான்கில் உரிய மதிப்பு கிடைக்காத ஒன்று. 256 எம்பியில் சொகுசாக ஓடும், ஆக்டிவேஷன் தொல்லை கிடையாது, ஒரு புரோகிராம் விழுந்தால் மொத்தக் கணினியும் விழாது. தமிழ் யூனிகோடு லதா எழுத்துருவோடு வந்த முதல் விண்டோஸும் இதுதான். கன்ட்ரோல் பேனலின் ரீஜனல் ஆப்ஷன்ஸில் 'இண்டிக்' என்பதை டிக் செய்தால் போதும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறைகளான திஸ்கி, டாப் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை அதே எழுத்துருக்களை நிறுவித் திறந்து, அதே கணினியில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். பயாஸ் (மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருள்) மிகப் பழையதாக இருந்து நிறுவல் நடுவில் உறைந்தால், எஃப்6 அழுத்தச் சொல்லும் நேரத்தில் எஃப்5 அழுத்தி 'ஸ்டாண்டர்ட் பிசி' தேர்ந்தெடுங்கள். டாஸிலிருந்து நிறுவுவதாக இருந்தால் டாஸின் டிஸ்க் கேஷ் நிரலான ஸ்மார்ட்டிரைவை முதலில் ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் கோப்பு நகலெடுக்கவே மணிக்கணக்காகும்.

எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டாம். சர்வீஸ் பேக் 3 போட்டபின் 512 எம்பி இல்லாமல் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் உறுமும். 440பிஎக்ஸில் ரேம் கூட்ட நினைத்தால் 16 சிப் கொண்ட 256 எம்பி ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள்; 8 சிப் ஸ்டிக்கை அது பாதியாகத்தான் காணும், சில போர்டுகளில் பூட்டே ஆகாது.

20 ஜிபி டிஸ்க் இருந்தால் எங்கள் தேர்வு 98 எஸ்இ, 2000 இரண்டும் சேர்த்து. 6 ஜிபி ஃபேட்32 பகுதியில் முதலில் 98, மீதியில் 2000இன் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் அமைத்து 2000. பூட் மெனுவை 2000 தானே போட்டுக்கொள்ளும். வரிசையைத் தலைகீழாக்கினால் 98 பூட் செக்டரை அழித்து எழுதி, 2000 மெனுவிலிருந்தே காணாமல் போகும். 98ஆல் என்டிஎஃப்எஸ் படிக்க முடியாது என்பதால் இரண்டுக்கும் பொதுவான கோப்புகளை சி டிரைவிலேயே வையுங்கள்.