நிலத்தை ஒட்டிய டெக்: கொங்கிறீற் கட்டையா, ஊற்றிய தூணா, திருகுத்தூணா?

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பின்வளவில் டெக் (பலகைத் தளம்) போட நினைப்பவர்கள் பெரும்பாலும் மேற்பலகையின் நிறத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஓரடி உயரமே எழும் டெக்கின் ஆயுளைத் தீர்மானிப்பதோ, ஒருமுறை மூடிவிட்டால் பிறகு கை நுழைக்கவும் முடியாத அதன் அடிப்பகுதிதான்.

தென் ஒன்ராறியோவில் உறைபனி ஏறக்குறைய 4 அடி ஆழம்வரை இறங்கும் என்று கொண்டே அத்திவாரம் போடுகிறார்கள். மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது மேலே இருப்பதைத் தூக்கும். இளவேனிலில் உருகும்போது மீண்டும் இறக்கும். எல்லா மூலைகளும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை என்பதே சிக்கல், அதிலும் களிமண் வளவுகளில் இது கூடுதலாகவே தெரியும்.

கடையில் விற்கும் கொங்கிறீற் கட்டைகளை நிலத்தின்மேல் வைத்துச் சட்டத்தை அமர்த்துவதே மலிவான வழி. புல்லையும் மேல்மண்ணையும் நீக்கி, துணி விரித்து, சல்லிக்கல் பரப்பி, நீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தால், வீட்டோடு இணைக்காத சிறிய டெக்குக்கு இது தாராளமாகப் போதும். வீட்டோடு பூட்டிய டெக்குக்கு இது ஆகாது. வீடு அசையாமல் நிற்க, டெக் மட்டும் ஏறி இறங்கினால் இணைப்பே பிளக்கும். அத்துடன், இங்குள்ள பல வீடுகளின் வெளிச் செங்கல் சுமை தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல, ஒரு போர்வை மாத்திரமே. அதில் டெக்கின் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. ஆகவே, தாழ்ந்த டெக்கைத் தனித்து நிற்க விடுவதே நல்லது என்பது என் கருத்து.

டெக்கின்மேல் உட்கார்ந்து குளிக்கும் சூடுநீர்த் தொட்டியோ கூரையோ வரப்போகிறது என்றால் ஆழமாக இறங்கத்தான் வேண்டும். குழி தோண்டி, காகிதக் குழாய் அச்சுக்குள் கொங்கிறீற் ஊற்றுவதில் பொருட்செலவு குறைவு. ஆனால் களிமண்ணில் 4 அடி தோண்டுவது முதுகை ஒடிக்கும். கிளறிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் வரும். ஊற்றியது இறுகச் சில நாள் காத்திருக்கவும் வேண்டும். இயந்திரத்தால் மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புத் திருகுத்தூணில் இந்த மூன்று தொல்லையும் இல்லை, இறக்கிய அன்றே பாரம் ஏற்றலாம். செலவு அதிகம் என்பதோடு, அந்த இயந்திரம் வீட்டின் பக்கவாட்டு வழியால் உள்ளே வருமா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டில் எதுவானாலும், தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற அமைப்புக்கு அறிவித்து நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறிக்கச் செய்வது சட்டப்படி கட்டாயம், அதற்குக் கட்டணமில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, அடிச்சட்டத்துக்கு மண்தொடர்புக்கென மருந்தேற்றிய மரமே தகும். 2003 இறுதியில் ஆர்சனிக் கலந்த பழைய மருந்து வீட்டு மரங்களிலிருந்து விலக்கப்பட்ட பின் வந்த செப்பு மருந்துகள் சாதாரண ஆணியை அரிப்பதால், தடித்த நாகப்பூச்சு உள்ள திருகாணியோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். மேற்பலகைக்குச் சீடர் மரமும், மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்து செய்த கொம்பொசிற்றும் போட்டியிடுகின்றன. சீடர் வெறுங்காலுக்கு இதமானது, பராமரிப்புக் கேட்கும். கொம்பொசிற் அதிகம் பராமரிப்புக் கேட்காது, வெயிலில் கொதிக்கும். இரண்டுக்கும் கீழே காற்றோட்டம் வேண்டும்.

அந்தக் காற்றோட்டத்துக்கு இடமிருக்கிறதா என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2க்கு 6 அங்குலம் என்று விற்கும் சட்டத்தின் உண்மையான உயரம் 5½ அங்குலம். பலகை 1 அங்குலம். அதே உயரமுள்ள பீமின் மேல் சட்டத்தை ஏற்றினால் மொத்தம் 12 அங்குலமாகி, ஓரடி உயரம் முழுவதும் தீர்ந்துவிடும். பீமையும் சட்டத்தையும் ஒரே மட்டத்தில் கொழுவித் தகட்டால் பூட்டினால் 6½ அங்குலத்தில் முடிந்து, மீதி காற்றுக்குக் கிடைக்கும். பின்கதவின் படி நிலத்திலிருந்து 8 அங்குலம்கூட இல்லாத வீட்டில் டெக்கை மறந்து இன்ரர்லொக் கல் பதிப்பதே நான் தேர்வது.