பழைய சால்டர் ஈயத்தில் தூண்டில் குண்டு: மூன்று மழைக்காலம் பார்த்த பிறகு

குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: "ரேடியேட்டர் பட்டறையில் பழைய சால்டர் ஈயம் மலிவாகக் கிடைக்குது. குண்டு வார்க்க வாங்கிப் போடலாமா?" போடலாம். சால்டர் என்பது உலோகத்தைப் பற்றவைக்கும் கலவை, பெரும்பாலும் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஆனால் அந்த ஈயம் என்ன ஈயம் என்று தெரிந்துகொள்ளும் பொறுமை இருந்தால் மட்டும்.

நம் ஊரில் காரீயத்துக்கும் ஈயம்தான் பெயர், வெள்ளீயத்துக்கும் ஈயம்தான் பெயர். பாதிக் குழப்பம் கடைவாசலிலேயே தொடங்கிவிடுகிறது. குண்டுக்கு எடை கொடுப்பது காரீயம். அதை மட்டும் உருக்கி ஊற்றினால் மணிக்குண்டின் கழுத்து மழுங்கும், வளையம் வரும் இடம் பாதியில் நிற்கும், மேலெல்லாம் சுருக்கம் விழும். நூற்றுக்கு 2 பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் போதும், உருகல் இளகி அச்சின் மூலைவரை ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் சால்டர் ஈயத்தைக் குறை சொல்லவே முடியாது. அச்சைத் திறந்ததும் குண்டு கண்ணாடி மாதிரி விழும்.

கணக்கு இது. ஒரு கிலோ சுத்தக் காரீயத்துக்கு 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம்) என்றால் 35 கிராம். 40/60 என்றால் 53 கிராம். 30/70 என்றால் 71 கிராம். இதற்கு மேல் கொட்டினால் பலன் கூடாது, காசுதான் கரையும். தூண்டில் நரம்பில் அமுக்கிப் பொருத்தும் சின்னக் குண்டுகளுக்கு மட்டும் இதைச் சேர்க்கவே கூடாது. அவை மெத்தென்று இருக்க வேண்டும். கடினப்பட்டால் சரியாக மூடாது, நரம்பையும் அறுத்துவிடும்.

தலைவலி அந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. ரேடியோ, டிவி ரிப்பேர் கடைச் சுருள் பெரும்பாலும் 60/40. ரேடியேட்டர் பட்டறைச் சரக்கில் வெள்ளீயம் குறைவு, அதிலும் நாலு விதம் கலந்திருக்கும். புதிய சர்க்யூட் போர்டில் உருக்கி எடுத்தது காரீயமே இல்லாத ரகமாக இருக்கலாம், கிட்டத்தட்ட முழுக்க வெள்ளீயம். அதில் ஒரு கிலோவுக்கு 21 கிராமே போதும். கண்ணால் பார்த்து எதையும் பிரிக்க முடியாது.

தராசு பிரித்துச் சொல்லும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். சால்டரைக் குச்சியாக வார்த்து (எப்படி என்று கீழே), சரியாக 100 கிராம் உள்ள குச்சியை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு 8.8 காட்டினால் வெறும் காரீயம். 10.3 என்றால் 30/70, 10.8 என்றால் 40/60, 11.7 அல்லது 11.8 என்றால் 60/40. 13.7 என்றால் சுத்த வெள்ளீயம். குச்சிக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெள்ளீயம் கூடுதலாக இருப்பதாகக் காட்டிவிடும். துத்தநாகமும் இதே போல ஏமாற்றும், அது 14 காட்டும். அதன்மேல் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு விட்டால் பொங்கும், சால்டர் பொங்காது. துத்தநாகத் துண்டு ஒன்று பாத்திரத்தில் கரைந்துவிட்டால் உருகல் கூழாகத் திரண்டுகொள்ளும், அந்தப் பாத்திரத்தோடு அன்றைய வேலை முடிந்தது.

சதவீதத்தைக்கூட மன்னித்துவிடலாம், பட்டறைச் சரக்கில் ஒட்டியிருக்கும் ஆசிட்டை மன்னிக்க மனம் வரவில்லை. ரேடியேட்டர் பற்றவைக்கப் பூசும் துத்தநாக ஆசிட் சால்டர்மேல் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சமவெளியில் எப்படியோ, ஆடி மாத ஊட்டி மூடுபனியில் இரவு வெளியே வைத்த கட்டி காலையில் வியர்த்திருக்கும். அதை உருகிய காரீயத்தில் போட்டால் நீராவி வெடித்து உருகல் முகத்துக்குத் தெறிக்கும். அடுப்போரம் வைத்துக் காய்ந்துவிட்டது என்றும் நம்ப முடியாது. அந்த உப்பு ஈரத்தை லேசில் விடாது.

ஆகவே எந்தப் பழைய சால்டரையும் நேராகக் காரீயத்தில் போடாதீர்கள். வெந்நீரில் பிரஷ் போட்டு இரண்டு முறை தேயுங்கள், சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசுங்கள், ஒரு நாள் காயவையுங்கள். பிறகு வெறும், குளிர்ந்த இரும்புக் கரண்டியில் போட்டுச் சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அப்போது இருக்கிற ஈரமெல்லாம் உலோகம் உருகுவதற்கு முன்பே போய்விடும். காரீயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். மேலே மிதக்கும் செம்புக் கம்பி, கருகிய பசை எல்லாவற்றையும் வழித்துவிட்டுக் குச்சியாக ஊற்றி, எடை எழுதி வையுங்கள்.

வார்க்கும்போது உருகல் 370 டிகிரி அளவில் இருக்கட்டும். 400ஐத் தாண்டினால் வெள்ளீயம்தான் முதலில் சாம்பலாகி மேலே ஏடு கட்டும். அந்த ஏட்டை வழித்து எறிந்தால் காசு கொடுத்து வாங்கியதை எறிந்த மாதிரி. கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் தேன்மெழுகு சுண்டைக்காய் அளவு போட்டுக் கிளறினால் பெரும்பகுதி திரும்ப உருகலில் சேரும். நம் குளிரில் அச்சு சீக்கிரம் ஆறிவிடும், முதல் ஐந்தாறு குண்டு சுருக்கம் விழுந்தால் ஈயத்தைத் திட்டாமல் திரும்பப் போட்டு உருக்குங்கள். மழைச்சாரல் எட்டாத, பக்கவாட்டில் திறந்த கொட்டகைதான் சரி. அடைத்த அறை வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், கை கழுவாமல் டீ வேண்டாம். இந்தக் கரண்டியையும் மிஞ்சிய குச்சியையும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். அது காரீயம், சோற்றில் இறங்கும்.

மொத்தத்தில் வேலை பிரமாதம், விலை மலிவு, குண்டு அழகு. ஆனாலும் ரேடியேட்டர் பட்டறைச் சரக்கை இனி வாங்குவதாக இல்லை. அலுமினிய ரேடியேட்டர் வந்த பிறகு அந்தச் சரக்கும் குறைந்துகொண்டே வருகிறது, வருவதிலும் அழுக்குதான் அதிகம். டிவி ரிப்பேர் கடையில் சுருளின் கடைசித் துண்டுகள் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, ஓட்டை விழுந்தது. சுத்த வெள்ளீயம்தானா என்று அதையும் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, கிலோவுக்கு 20 கிராம் வெட்டிப் போடுங்கள். ஏற்கெனவே பட்டறைச் சரக்கு வாங்கிவிட்டவர்கள், ஜூன் மழை இறங்குவதற்குள் எல்லாவற்றையும் குச்சியாக்கி மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.