முழுசா வெட்டி நடுறதா, பொறுக்கி வெட்டுறதா?

போன வருசம் சுவிசில எமென்டால் பக்கம் அக்கா வீட்டில ரெண்டு மாசம் நிண்டனான், அதுக்கு முதல் ஜெர்மனியில ஹார்ஸ் மலைக்குக் கிட்ட சின்னண்ணையோட ஒரு கிழமை. ரெண்டு காட்டையும் பாத்திட்டு வன்னியில எங்கட நெடுங்கேணிக்குத் திரும்பி வந்த பிறகு, "பொறுக்கித்தானே வெட்டுறம், காடு அழியாது" எண்டு இங்க ஆரும் சொன்னா எனக்குக் கொஞ்சம் கோவம் வருது. ஏனெண்டு சொல்லுறன்.

முதல் ஜெர்மன்காரன்ர முறை. ஒரு துண்டுக் காட்டை முழுசா விழுத்திப்போட்டு ஒரே இனம், ஒரே வயசுக் கண்டு நட்டு, 80, 100 வருசம் வளத்துத் திரும்பவும் முழுசா வெட்டுறது. இதைச் சும்மா மொக்குத்தனம் எண்டு தள்ளேலாது. 1713இலயே கார்லோவிட்ஸ் எண்டவர், சாக்சனிச் சுரங்கங்களுக்கு மரம் முடிஞ்சுபோகுதெண்ட பயத்தில, காடு தொடர்ந்து நிலைக்கிற மாதிரித்தான் வெட்டோணும் எண்டு புத்தகம் எழுதினவர். கணக்கும் லேசு: நூறு வருசச் சுத்து எண்டா வருசத்துக்கு நூறில ஒரு பங்கு. மெசினும் உள்ள போகும், வெயில் கேக்கிற பைன் மாதிரி மரங்களுக்குத் தோதும் கூட.

ஆனா 2018 வறட்சிக்குப் பிறகு ஹார்ஸைப் பாக்கோணும். அங்க அப்பிடி நட்டு நிண்டது ஸ்புரூஸ் எண்ட ஊசியிலை மரம். தண்ணியில்லாத அந்த மரத்துக்குப் பிசின் விட்டு வண்டைத் தள்ளப் பலமில்லை, அரிசிமணியளவு பட்டை வண்டு கூட்டங் கூட்டமா உள்ள இறங்கினா, பக்கத்தில நிக்கிறதும் அதே இனம் அதே வயசு, பிறகென்ன, மலை மலையா நிண்டபடியே செத்து சாம்பல் நிறம். சின்னண்ணை ஒரு பட்டையை உரிச்சுக் காட்டினார். உள்ப்பக்கம் நடுவில நேரா ஒரு கோடு, அதில இருந்து ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லுப் போல வண்டுப் புழு கிண்டின தடம்.

நடுவில இன்னொரு முறையும் இருக்கு, பெரிய மரங்களைக் கட்டங் கட்டமா எடுத்து அதுகளின்ர நிழலிலயே கண்டு முளைக்க விடுறது, ஓக், பீச்சுக்கு நல்லம்.

எமென்டால் காடு வேற கதை. வெள்ளி ஃபிர் எண்ட இன்னொரு ஊசியிலை மரம், ஸ்புரூஸ், பீச் எல்லாம் கலந்து, கிழடும் குஞ்சும் ஒண்டாத்தான் நிக்குது. ஃபிர் கண்டு நிழலுக்குள்ள பத்து இருவது வருசத்துக்கு மேலயும் பொறுமையா இருந்து, மேல ஒண்டு விழுந்தாத்தான் எழும்பும். அத்தானுக்கு மர ஆலையில வேலை, என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்.

"நேரான மரமெல்லாம் நிக்க, ஏன் அத்தான் இந்தக் கோணலுக்கு வெட்டவெண்டு பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறாங்கள்?"

"உதுதானடா விசயம். உந்தக் கோணல் கீழ நிக்கிற மூண்டு கண்டுக்கு வெளிச்சத்தை மறைக்குது. நல்லது இன்னும் கொழுக்கட்டும்."

அங்க பொறுக்கிறது எண்டா அளந்து பொறுக்கிறது. கூவே எண்ட ஊரில 1890இல பியோலே எண்ட வன அதிகாரி தொடங்கி வச்ச முறை: சில வருசத்துக்கு ஒருக்கா, குறிச்ச பருமனுக்கு மேல உள்ள ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்தில அளந்து, எவ்வளவு வளந்திருக்கெண்டு பாத்துத்தான் அடுத்த வெட்டு. சுவிசில முழுசா வெட்டுறதை 1991ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்குது. குறையில்லையெண்டில்லை: ஆள்க்கூலி கூட, குறிக்கிறவனுக்குக் கண் வேணும், மான் வந்து ஃபிர் கண்டைக் கடிச்சுப்போட்டா அடுத்த தலைமுறையே இல்லை.

இப்ப எங்கட பக்கம் வாங்கோ. இங்க பொறுக்கி வெட்டுறது எண்டா நல்ல முதிரையையும் பாலையையும் தூக்கிப்போட்டு, கோணலையும் பொந்தையும் விட்டுட்டு வாறது. மீள்குடியேறின காலத்தில வீட்டு நிலைக்கும் கதவுக்கும் எவ்வளவு முதிரை போச்சு! தூர நிண்டு பாத்தா காடு பச்சையாத்தான் தெரியும், ஆனா விதை போடுற தாய் மரம் இல்லாமப் போயிட்டுது. இதுக்கும் எமென்டாலுக்கும் பேரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.

என்னைக் கேட்டா தேக்கங்காட்டுக்கு ஜெர்மன்காரன்ர முறையே போதும், தேக்குக்கும் வெயில் வேணும், அது எப்பிடியும் நட்ட தோட்டம்தானே. இயற்கைக் காட்டுக்கு எமென்டால்தான், ஆனா வெட்டுறதை இல்லை, அளக்கிறதை முதல் எடுக்கோணும்.

வந்த கிழமை குளத்துக்குப் பின்னால இருக்கிற காட்டுக்குள்ள தையல் நாடாவோட போனனான். ஒரு நேரம் முழுக்க நடந்து பதினேழு முதிரை அளந்தன். ஒண்டுகூட என்ர தொடையளவு இல்லை.