பழைய கேட்டமரானை விற்க எந்த வழி நல்லது? லங்காவியில் நான் பார்த்த இரண்டு படகுகள்

ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டிய இரண்டு படகுகள். இரண்டுமே லகூன் 380. இரண்டும் மலேசியத் தீவான லங்காவியில் விற்பனைக்கு வந்தன. ஒன்று நாலே மாதத்தில் கைமாறியது. மற்றது இரண்டு மழைக்காலம் கரையிலேயே நின்று, கடைசியில் முதலில் சொன்ன விலைக்கு ரொம்பக் கீழே போனது. இரண்டிலும் எஞ்சின் வேலை பார்த்தவன் நான். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்கப்போகிறவருக்குச் சொல்ல ஆளில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

படகைப் பற்றி முதலில். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலம் கேட்டமரான் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் இது மரங்களைச் சேர்த்துக் கட்டியதல்ல, இரண்டு ஹல்லுக்கு, அதாவது தண்ணீரில் மிதக்கும் இரண்டு உடல்களுக்கு, நடுவே பாலம் போலத் தளம் போட்ட மிதக்கும் வீடு. லகூன் 380 பிரான்சில் கட்டப்பட்டது. நீளம் 11.55 மீட்டர், அகலம் ஆறரை மீட்டர். ஹல்லுக்கு ஒன்றாக இரண்டு டீசல் எஞ்சின். 800க்கும் மேல் கட்டிய மாடல் என்பதால் எந்த நேரத்திலும் உலகத்தில் நாலைந்தாவது விற்பனையில் இருக்கும். வாங்க வருபவர் அந்த விலைகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

முதல் படகு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியுடையது. விற்று முடியும்வரை அதிலேயே குடியிருந்தார்கள். இரண்டாவது படகுக்காரர் கரையேற்றிப் பூட்டி, சாவியை ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. தரகு, இடம், விலை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பூட்டிய படகை ஒன்பது மாதம் கழித்துத் திறந்தோம். யாரோ பார்க்க வருகிறார்கள், எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல் என்றார்கள். என்னோடு வந்த பையன் கதவைத் தள்ளி உள்ளே தலையை விட்டவன், "அண்ணே, கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்க" என்றான். மெத்தை, திரைச்சீலை எல்லாம் கறுப்புப் பூஞ்சை. கூரையில் ஒட்டியிருந்த வினைல் துணி பிரிந்து பை மாதிரித் தொங்கியது. பாட்டரிகள் செத்துப்போயிருந்தன. கழிவறைப் பம்பு இறுகிக் கிடந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கரில் பாதுகாப்பு மருந்து ஏற்றாமல் விட்டிருந்தார்கள்; குழாயைக் கழற்றினால் அழுகின முட்டை நாற்றம். அந்தக் கருவி விளம்பரத்தில் மூன்றாவது வரியில் பெருமையாக இருந்தது. வந்தவர் உள்ளே பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

தம்பதியின் படகில் ஏறினால் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கும். பார்க்க வருபவருக்கு அந்த அம்மா வாட்டர்மேக்கரைப் போட்டு, அதிலிருந்து வந்த தண்ணீரையே கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொடுப்பார். சோலார் எவ்வளவு தருகிறது என்று கேட்டால் திரையில் ஓடும் எண்ணைக் காட்டுவார். வசதிகள் நிறைந்த படகு என்று எழுதுவது எல்லாராலும் முடியும். அந்த வசதி இன்றைக்கு வேலை செய்கிறது என்று காட்ட, படகில் ஆள் வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. படகு நிறுத்துமிடமான மரீனாவின் வாடகை மாதாமாதம் போகும். அடுத்த வேலையைத் தொடங்க முடியாது. யார் எப்போது வருவார்களோ என்று தினமும் துடைத்துவைக்க வேண்டும். ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றால், தண்ணீரிலேயே கட்டிவைத்து, கரை மின்சாரத்தில் ஈரப்பதம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு, வாரம் ஒரு முறை கதவு திறந்து எஞ்சினை ஓட்ட ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். கரையில் நிறுத்துவதைவிடச் செலவுதான், அடிப்பாகத்தில் சிப்பியும் ஒட்டும். ஆனாலும் வருகிறவரை அன்றைக்கே கடலுக்கு ஓட்டிப்போய்க் காட்டலாம்.

சரி, தரகரா, நாமேவா?

தரகு பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனால் 15,000 டாலர். தம்பதி இதைக் கேட்டுத்தான் தாங்களே விற்க முடிவு செய்தார்கள். அவர்களுக்கு அது சரியான முடிவு. படகில் இருந்தார்கள், கேள்விக்கு அன்றே பதில் எழுதினார்கள். அப்போலோ டக் மாதிரித் தளங்களிலும் முகநூல் குழுக்களிலும் தனியாள் விளம்பரம் போடலாம்.  யாட்வேர்ல்டு பெரும்பாலும் தரகர்களுக்கான தளம். பெரிய பணத்தோடு தேடுகிற பலர் முதலில் திறப்பது அதைத்தான்.

நல்ல தரகர் சும்மா பணம் வாங்குவதில்லை. வாங்குபவரின் 10 சதவீத முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிபுணர் படகைச் சோதிக்கும் சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால்தான் விற்பனை என்று ஒப்பந்தம் எழுதி, இரண்டு பக்கமும் கோபப்படும் நேரத்தில் நடுவில் நிற்பவர் அவர். தாங்களே விற்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். முன்பணம் யார் கையில் இருப்பது என்று கேட்டால் பதில் இருக்காது. தம்பதி ஒரு வழக்கறிஞரின் கணக்கில் பணத்தை வைத்தார்கள். அந்தக் கட்டணம் தரகோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, அதுதான் மோசம்: ஒரே படகை மூன்று தரகர்களிடம் கொடுப்பது. பூட்டிய படகுக்காரர் பின்னால் இதைத்தான் செய்தார். மூன்று இடத்தில் மூன்று விலை, மூன்று விதப் படங்கள். பார்க்கிறவருக்கு இவர் அவசரத்தில் இருக்கிறார் என்றுதான் தோன்றும். தரகர்தான் என்றால் ஒருவரிடம் மட்டும், ஆறு மாதம் போலக் காலக்கெடு போட்டுக் கொடுங்கள்.

எங்கே விற்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: படகு இருக்கும் இடத்திலேயே. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. வெளிநாட்டுக்காரர் வாங்கி அப்படியே கடலுக்குப் போகலாம். வடக்கே 120 கடல் மைல் போலத் தள்ளி தாய்லாந்தின் ஃபூக்கெட். அங்கே படகுக் கூட்டம் அதிகம்; டிசம்பரில் கிங்ஸ் கப் பந்தயம் நடக்கும்போது பாய்ப்படகுக்காரர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருப்பார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவத்தில் படகை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவதில் தப்பில்லை.

ஆஸ்திரேலியாவில் நல்ல விலை என்று சொல்லி அங்கே ஓட்டிப்போக நினைப்பவர்களைத்தான் நிறுத்திப் பேசுகிறேன். அந்நாட்டின் வடக்குத் துறைமுகமான டார்வினுக்கே 2,000 கடல் மைலுக்கு மேல். வருடத்தில் பாதி நாள் தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும். போய்ச் சேர்ந்ததும் பொதுவாக 5 சதவீதச் சுங்கவரி, அதன்மேல் 10 சதவீத ஜிஎஸ்டி. அதே ஒன்றரை லட்சத்துக்கு 7,500ம் 15,750ம் சேர்ந்து 23,250 டாலர். இதற்கு மேல் ஹல்லில் ஒட்டிய உயிரிகள், மரத்தில் கறையான் என்று உயிர்ப் பாதுகாப்புச் சோதனை வேறு. பாய் கிழிந்தால் அதுவும் உங்கள் கணக்கு. எப்படியும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பப்போகிறவருக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

பழுதுபார்த்து விற்பதா, விலையைக் குறைத்து விற்பதா? பொருளுக்குப் பொருள் பதில் மாறும். புதுப் பாய், புது சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் திரை), புது மெத்தை எதையும் விற்பனைக்காக வாங்காதீர்கள். போட்ட காசில் பாதி திரும்பினாலே அதிர்ஷ்டம். வாங்குகிறவருக்கு அவர் ரசனை இருக்கும். ஆனால் எஞ்சினின் சுழற்சியை ஹல்லுக்கு அடியில் உள்ள புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் சேல்டிரைவின் பெரிய ரப்பர் சீலை மாற்றிவிடுங்கள். கடல்நீர் ஹல்லுக்குள் வராமல் தடுப்பது அதுதான். வோல்வோ பென்டா அதற்குச் சொல்லும் ஆயுள் 7 வருடம். சர்வேயர் முதலில் கேட்பது அதன் தேதி. சீல் மாற்ற ஆகும் செலவைப்போலப் பல மடங்கை, சர்வே அறிக்கையில் அதைப் பற்றி வரும் ஒரு வரிக்காகப் பேரத்தில் கேட்பார்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை. 10 வருடம் தாண்டினால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் மாற்றச் சொல்லும், மாற்றுவது பெரிய செலவு. நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். இந்தக் கம்பி வேலை செய்யும் ஒரு ரிக்கரிடம் விலைச்சீட்டு வாங்கி, கம்பியின் வயதையும் அந்தத் தொகையையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். சர்வேயில் வெளிவந்தால் அது ஏமாற்றமாகப் படும்.

ஜெனரேட்டர், டிங்கி என்ற சிறு துணைப்படகு, அதன் வெளி எஞ்சின் இவற்றைத் தனித்தனியாக விற்றால் லாபம் என்பார்கள். கழற்றிய இடத்தில் ஓட்டையும் தொங்கும் வயரும்தான் மிஞ்சும். எல்லாவற்றோடும் கொடுங்கள்.

காகித விஷயத்தில் ஒன்று மட்டும். பிரிட்டிஷ் கொடிப் படகுகள் பல, மூன்றாம் பகுதி எனப்படும் சிறு படகுப் பதிவில் இருக்கும். அந்தச் சான்றிதழ் உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. படகு கட்டிய நாளிலிருந்து கைமாறிய ஒவ்வொரு விற்பனைப் பத்திரமும் வேண்டும். நடுவில் ஒன்று காணாமல் போனால் விளம்பரம் போடும் முன்பே தேடத் தொடங்குங்கள். ஐரோப்பியர் வாங்கினால் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி கட்டிய ரசீதையும் கேட்பார்.

தம்பதியின் படகுக்கு சர்வே நடந்த காலையில் நானும் போயிருந்தேன். அதற்கு முன் எஞ்சினைத் தொடக்கூடாது என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். சர்வேயர் வந்ததும் இரண்டு எஞ்சின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது; முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்கவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்பினார், இரண்டும் முதல் முயற்சியிலேயே பிடித்தன. பணம் கைமாறிய அன்று பதினோரு வருடப் பராமரிப்புக் கணக்கு எழுதிய தடித்த நோட்டை அந்த அம்மா மேசைமேல் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் பாதி என் கையெழுத்து. வாங்கியவர் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து, தேதியைப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். இடது எஞ்சினின் சேல்டிரைவ் எண்ணெய் மாற்றியதை எழுதினேன்.