விண்டோஸ் 11-க்கு மாறிய பின் கிராபிக்ஸ் டிரைவர் தகராறு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. அதையொட்டி, வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்து தரும் ஒரு ஸ்டுடியோவில், தை முகூர்த்த வேலைகள் குவிந்திருந்த வாரத்தில் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினார்கள். மறுதொடக்கத்துக்குப் பின் இரண்டாவது மானிட்டர் இருண்டு கிடந்தது. முதல் மானிட்டர் 1024-க்கு 768 என்ற அளவைத் தாண்டவில்லை. வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கிராபிக்ஸ் கார்டு வழியாக ரெண்டர் செய்யும், அதாவது வீடியோவை முழுமையாக்கி எடுக்கும், தேர்வும் மங்கிவிட்டது. கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரில்தான் தகராறு. அவர்கள் கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைச் சொன்னார்கள். அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை யார் முதலில் செய்ய வேண்டும் என்று சொல்வதே என் நோக்கம்.

எந்த வழியையும் தொடுவதற்கு முன், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், கார்டுக்கு உரிய டிரைவர் ஏறவில்லை, விண்டோஸ் தன் பொது டிரைவரை வைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். கார்டின் பெயரோடு மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற பிழையும் இருந்தால், கோளாறு டிரைவரிலும் இருக்கலாம், கார்டிலேயும் இருக்கலாம். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், தூசி அடைத்த விசிறியோடு ஆண்டுக்கணக்கில் ஓடிய கார்டு என்றால் இரண்டாவதையும் நான் சந்தேகிப்பேன். தனி கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

முதல் வழி விண்டோஸ் அப்டேட். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிரைவர்கள் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். எளிமையில் இதற்கு ஈடான வழி வேறில்லை. மளிகைக் கடையின் பில்லிங் கணினிக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், பிள்ளைகள் படிக்கும் கணினிக்கும் இதுவே போதும். இதற்கு மேல் போவது வீண் வேலை. ஆனால் இங்கே வரும் பதிப்பு பெரும்பாலும் சில மாதங்கள் பழையதாக இருக்கும் என்பதால், வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் இதை நம்பி நிற்க முடியாது.

லேப்டாப் வைத்திருப்பவர்கள், அதன் மாடல் எண்ணைக் கொடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் டிரைவரையே முதலில் போட வேண்டும். இன்டெல் தன் பொதுவான டிரைவரையும் தருகிறது, அது புதியதாகவும் இருக்கும். ஆயினும் லேப்டாப் நிறுவனம் தன் திரைக்கும் மின்சிக்கனத்துக்கும் ஏற்றபடி செய்த மாற்றங்களை அது அழித்துவிடக்கூடும் என்பதை இன்டெல்லே எச்சரிக்கையாகச் சொல்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினிக்கு, கார்டின் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரே என் முதல் தேர்வு. என்விடியாவில் விளையாட்டுகளுக்கான கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரு வகைகள் உண்டு. போட்டோஷாப், பிரீமியர் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு, அந்த மென்பொருள்களோடு சோதித்து வெளியிடப்படும் ஸ்டுடியோ வகைதான் ஏற்றது. நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் பழைய அமைப்புகள் நீங்கிவிடும். பலர் வழுக்கி விழுவது இதற்கு முந்தைய படியில்: இருப்பதிலேயே புதிய டிரைவர்தான் நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். சத்துவாச்சாரி ஸ்டுடியோவில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அது என்விடியாவின் பாஸ்கல் தலைமுறைக் கார்டு. பாஸ்கல், அதற்கு முந்தைய மேக்ஸ்வெல் கார்டுகளுக்கான வழக்கமான கேம் ரெடி வெளியீடுகளை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்ட என்விடியா, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்திருக்கிறது. "அண்ணா, புதுசாத்தான் டவுன்லோடு பண்ணேன்" என்று அங்கு வேலை செய்யும் தம்பி காட்டிய கோப்பு, அந்தக் கார்டை ஏற்கும் கடைசி டிரைவர் வரிசையான 580-க்குப் பிந்தையது. பொருந்தும் கார்டு இல்லை என்று அது நின்றுவிட்டதில் வியப்பில்லை. இன்னும் பழைய கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையோடு கதை முடிந்தது. ஜிடி 730 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒரே பெயரில், கெப்ளருக்கும் முந்தைய ஃபெர்மி சிப் கொண்ட கார்டும் கெப்ளர் சிப் கொண்ட கார்டும் விற்கப்பட்டன. ஜிபியு-இசட் என்ற சிறிய இலவசக் கருவி எது என்று காட்டிவிடும்.

இதுவும் பாதியில் நின்றால்தான் டிடியு எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை எடுக்க வேண்டும். கிளீன் இன்ஸ்டலேஷன் விட்டுவைக்கும் கோப்புகளையும், ரிஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் அமைப்புத் தொகுப்பில் உள்ள பதிவுகளையும் சேர்த்து அகற்றும் இந்தக் கருவியைப் பலர் முதல் மருந்தாகவே கொடுத்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இதை, தேவையான டிரைவர்கள் மட்டுமே ஏறும் சேஃப் மோடில் இயக்க வேண்டும். கணினியில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அது கையில் இல்லாதவர், டிரைவர் கோளாறோடு வந்து, தன் கோப்புகளையே திறக்க முடியாத நிலையில் போய் நிற்பார். ஆகவே சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், சரியான டிரைவர் கோப்பையும் முன்பே இறக்கி வைக்க வேண்டும். அதன் பின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இல்லையென்றால் பழையதை அகற்றிய இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் தன் பதிப்பைக் கொண்டுவந்து நுழைத்துவிடும். யூபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்ற நிலையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பழைய நிலைக்குத் திரும்பும் வழிகள் இரண்டு. டிவைஸ் மேனேஜரில் உள்ள ரோல் பேக் டிரைவர் பொத்தான், முந்தைய டிரைவர் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே உயிரோடு இருக்கும். செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் உள்ள, விண்டோஸ் 10-க்கே திரும்ப வைக்கும் கோ பேக், மாறிய நாளிலிருந்து 10 நாட்களுக்கு மட்டுமே இருக்கும். இடம் போதவில்லை என்று, பழைய விண்டோஸ் சேமிக்கப்பட்டிருக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பதிப்புக்கு ஒருவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. நாளை காலை ஆல்பம் அச்சுக்குப் போயாக வேண்டும் என்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

ஸ்டுடியோவில் முதலில் 580 வரிசையின் டிரைவரை கிளீன் இன்ஸ்டலேஷனாகப் போட்டுப் பார்த்தோம், பாதியில் நின்றது. மீட்புச் சாவியை எழுதிக்கொண்டு, இணையக் கேபிளைப் பிடுங்கி, டிடியுவை ஓட்டிவிட்டு, அதே கோப்பை மறுபடி நிறுவினோம். இரண்டாவது மானிட்டர் உயிர்பெற்றது, பிரீமியரில் மங்கியிருந்த தேர்வும் திரும்பியது. அந்த டிரைவர் கோப்பு இப்போது ஒரு பென்டிரைவில், சாவி எழுதிய சீட்டோடு, அவர்கள் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.